நிகோட்டின் விடாத உடலில் தோல் மடல்: லிம்பெர்க் அறுவைக்குப் பின் லேசர் ஒளி, ஒரு நிகழ்வு ஆய்வு

அறுவை முடிந்த 30-ஆம் மணி நேரத்தில் தோல் மடலின் (வெட்டிய குழியை மூட, ஒரு பக்கம் உடலோடு ஒட்டியபடியே அருகிலிருந்து திருப்பி வைத்த தோலின்) நுனி கறுநீலமானது. குறைந்த திறன் லேசர் ஒளி கொடுத்தார்கள். மடல் பிழைத்தது, நுனியில் மட்டும் கொஞ்சம் போனது. ‘லேசர் காப்பாற்றியது’ என்று முடித்துவிட இந்த மூன்று வாக்கியம் போதும்; அப்படி முடிந்த குறிப்புகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஒளி தொடங்கிய அதே நாளில் வேறு நான்கு விஷயங்களும் மாறியிருந்தன. எது எந்த அளவு வேலை செய்தது என்று பிரித்துப் பார்க்கவே இந்தப் பதிவு.

இதில் வரும் நோயாளி தனி ஒருவர் அல்லர். இத்தகைய காயங்களில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரே ஆளிடம் சேர்த்துக் கற்பித்தலுக்காக அமைத்த மாதிரி நிகழ்வு இது. அளவுகளும் கணக்குகளும் நடைமுறைக்கு உரியவை.

நோயாளி

29 வயது ஆண். வால் எலும்புக்கு மேலே, பிட்டப் பிளவின் நடுக்கோட்டில் மூன்று சிறு குழிகள். இடப்பக்கம் 2 செ.மீ. தள்ளிக் கசியும் ஒரு துளை. பைலோநைடல் சைனஸ் (மயிர் தோலுக்குள் துளைத்துப் போவதால் உண்டாகும் கசியும் குழாய்) என்பதில் ஐயம் இல்லை. எட்டு மாதமாகக் கசிவு, நடுவில் ஒருமுறை சீழ்க்கட்டி கீறி வடிக்கப்பட்டிருந்தது. உடல் நிறைக் குறியீட்டெண் 28. சர்க்கரை, ஹீமோகுளோபின், அல்புமின் எல்லாம் சரி. பத்தாண்டாக நாளுக்கு 12 சிகரெட், அதாவது பாக்கெட்டுக்கு 20 என்ற கணக்கில் 6 பாக்கெட்-ஆண்டு.

அறுவைக்கு நான்கு வாரம் முன்பே சிகரெட்டை விடச் சொல்லியிருந்தார்கள். அவரும் விட்டுவிட்டார். சேர்க்கை அன்று வெளிமூச்சில் கார்பன் மோனாக்சைடு 3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 3 பங்கு), புகைக்காதவருக்கு இருக்கும் அளவுதான். ‘புகை நிறுத்தியாயிற்று’ என்று கோப்பில் எழுதப்பட்டது. முதல் ஓட்டை விழுந்தது அங்கேதான்.

சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவரின் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு 4 முதல் 5 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆகவே மூச்சுச் சோதனை கடந்த ஒரு நாளின் கதையைத்தான் சொல்லும், அதுவும் எரிந்த புகையின் கதையை மட்டும். நிகோட்டினை அந்தக் கருவி பார்ப்பதே இல்லை. பார்க்க வேண்டுமானால் சிறுநீரிலோ உமிழ்நீரிலோ கோட்டினின் தேட வேண்டும். நிகோட்டினின் அரை ஆயுள் சுமார் 2 மணி நேரம். அது உடைந்து உருவாகும் கோட்டினினுக்கு 16 முதல் 20 மணி நேரம். ஐந்து அரை ஆயுள் கழிந்தால்தான் ஏறக்குறைய தீரும் என்று கொண்டால், கோட்டினின் நெகட்டிவ் என்பதற்கு நான்கு நாளாவது நிகோட்டின் உள்ளே போகவில்லை என்று பொருள். இவருக்கு அந்தச் சோதனை அறுவைக்கு முன் செய்யப்படவில்லை.

கேட்ட கேள்வியும் சரியில்லை. ‘சிகரெட் பிடிக்கிறீர்களா?’ என்று கேட்டால் ‘விட்டுட்டேன் டாக்டர்’ என்ற பதில் உண்மையாகவே வரும். ‘இந்த ஒரு வாரத்தில் நிகோட்டின் எந்த வழியாகவாவது உள்ளே போனதா? மின்சிகரெட், மெல்லும் புகையிலை, பொடி, சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை?’ என்று பெயர் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும்.

அறுவை

குப்புறப் படுக்கவைத்து, பிட்டங்களை அகலப் பட்டையால் இருபுறமும் விலக்கி ஒட்டி, குழிகளின் வழியே நீர்த்த மெத்திலின் புளூ 1 மி.லி. செலுத்தப்பட்டது. கிளைக் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று காட்டுவதற்கு. நீலத்துக்கு வெளியே வெட்ட வேண்டும் என்பது விதி. ஒரு கிளை குறுக்கே வெட்டுப்பட்டதால் சாயம் கொஞ்சம் சிந்தி, கீழ் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெட்டியெடுத்த சாய்சதுரம் பக்கத்துக்கு 5 செ.மீ., கோணங்கள் 60, 120 பாகை. குறுக்கே 5 செ.மீ., நெடுக்கே 8.7 செ.மீ., பரப்பு சுமார் 21.7 சதுர செ.மீ. அதே அளவில் வலப் பிட்டத்திலிருந்து தசையுறையோடு சேர்த்துத் தூக்கிய மடல் இதில் திருப்பி வைக்கப்பட்டது. இந்தச் சாய்சதுர மடல் முறைதான் லிம்பெர்க் அறுவை. மடலின் காம்பு, அதாவது உடலோடு ஒட்டியிருக்கும் அடி, கீழே இருக்கும். 60 பாகைக் கூர்நுனி திரும்பிப் போய்ச் சாய்சதுரத்தின் மேல் முனையில் உட்காரும். காம்பிலிருந்து மிகத் தொலைவில் இருப்பது அந்த நுனிதான், இரத்தம் கடைசியாகப் போய்ச் சேரும் இடமும் அதுவே. கீழ் முனைக்குச் சிக்கல் வேறு வகை: அது நடுக்கோட்டில், மலவாய்க்கு அருகே, எப்போதும் ஈரமாக இருக்கும். மேலே இரத்தப் பஞ்சம், கீழே ஈரம். இரண்டையும் ஒரே மருந்தால் தீர்க்கலாம் என்று நினைப்பவர் இரண்டிலும் தோற்பார்.

அடியில் 10 பிரெஞ்ச் அளவு உறிஞ்சு வடிகுழாய், ஆழத்தில் 2-0 கரையும் தையல், தோலில் 3-0 நைலான் தனித்தனித் தையல்.

30-ஆம் மணி நேரம்

முதல் நாள் மடல் இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டாம் நாள் நுனியிலிருந்து 2.2 செ.மீ. வரை கறுநீலம். 60 பாகை முக்கோணமாகக் கணக்கிட்டால் சுமார் 2.8 சதுர செ.மீ. விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு நொடிக்குள் நிறம் திரும்பியது. 26 எண் ஊசியால் குத்தியபோது கருஞ்சிவப்பு இரத்தம் உடனே துளிர்த்தது. இதற்குப் பொருள், தமனி அடைபடவில்லை, சிரை வழியே இரத்தம் திரும்பிப் போகவில்லை என்பது. தமனி அடைபட்டிருந்தால் மடல் வெளிறி, குளிர்ந்து, குத்தினால் வெறும் நிணநீரோ ஒன்றுமே இல்லாமலோ இருக்கும். ஒளிக் கருவியைத் தேடுவதற்கு முன் இந்த வேறுபாட்டைப் பார்த்தே ஆக வேண்டும். சிரைத் தேக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் கையால் சரிசெய்யக்கூடிய ஒன்றாகவே இருக்கும்.

இங்கேயும் அப்படித்தான். வடிகுழாயின் குடுவை உப்பியிருந்தது. உறிஞ்சு விசை போயிருந்தது. குழாயில் கட்டி. நுனியில் இரண்டு தையலைப் பிரித்ததும் அடியிலிருந்து 15 மி.லி. அளவுக்குப் பழைய இரத்தம் வந்தது. நோயாளி இரவு முழுவதும் மல்லாந்தே படுத்திருந்தார். குழாயைக் கழுவி, குடுவையை மறுபடி அமுக்கி விசை ஏற்றி, அவரைக் குப்புறப் படுக்கவைத்தபின் அரை மணி நேரத்தில் நுனியின் கருமை ஒரு படி இறங்கியது. அப்போது லேசர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை.

அன்று மாலை குளியலறையிலிருந்து பழ வாசனை.

“தம்பி, உள்ளே என்ன பிடிச்சீங்க?” செவிலியர் கேட்டார்.

“சிகரெட் இல்ல சிஸ்டர், வேப்தான். அதுல புகை இல்லையே.”

வேப் என்று அவர் சொன்னது மின்சிகரெட்டை. சிறுநீர்க் கோட்டினின் பட்டை பாசிட்டிவ். இந்த வகைப் பட்டையில் கோடு வந்தால் நெகட்டிவ், வராவிட்டால் பாசிட்டிவ். கர்ப்பச் சோதனைப் பட்டையில் பழகிய கண் இதைத் தலைகீழாகப் படித்துவிடும். ஒன்றுக்கு இரண்டு பேர் பார்ப்பது நல்லது.

நிகோட்டின் மடலுக்கு என்ன செய்கிறது

அட்ரினல் சுரப்பியிலிருந்தும் பரிவு நரம்பு முனைகளிலிருந்தும் கேட்டகோலமைன்கள் (அட்ரினலின் போன்றவை) வெளியாகி, தோலின் நுண்ணிய தமனிகள் சுருங்குகின்றன. இரத்தத் தட்டுகள் ஒட்டும் தன்மை கூடுகிறது. புகையாக உள்ளே போனால் இன்னும் இரண்டு சேர்கின்றன. ஒன்று கார்பன் மோனாக்சைடு. ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிணையும். மற்றது ஹைட்ரஜன் சயனைடு. செல் ஆக்சிஜனைப் பயன்படுத்த உதவும், மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் நொதியை அது முடக்கும். இந்த நொதியின் பெயர் கீழே மறுபடியும் வரும்.

ஒரு சிகரெட் பிடித்தாலே தோலடித் திசுவின் ஆக்சிஜன் அழுத்தம் இறங்கி, பழைய நிலைக்குத் திரும்ப 30 முதல் 50 நிமிடம் எடுக்கும் என்பது 1991-இல் அளந்து காட்டப்பட்டது. நாளுக்கு இருபது பிடிப்பவரின் காயம் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி மூச்சுத் திணறிக்கொண்டே இருக்கிறது என்று கொள்ளலாம்.

ஆனால் நிகோட்டினையும் புகையையும் ஒன்றாகக் கருதவும் கூடாது. 2003-இல் வெளியான சோதனையில் 48 புகைப்பவர்களுக்கும் 30 புகைக்காதவர்களுக்கும் திருவெலும்பின் (வால் எலும்புக்கு மேலுள்ள எலும்பின்) பக்கத்தில், அதாவது நம் மடல் இருக்கும் அக்கம்பக்கத்திலேயே, சிறு வெட்டுக்காயங்கள் உண்டாக்கிப் பார்த்தார்கள். புகைப்பவர்களின் காயங்களில் 12 சதவீதம் தொற்றுக்கு உள்ளாயின, புகைக்காதவர்களில் 2 சதவீதம். நான்கு வாரம் நிறுத்தியவர்களுக்குத் தொற்று குறைந்தது. நாளுக்கு 25 மி.கி. நிகோட்டின் பட்டை ஒட்டியவர்களுக்கும் போலிப் பட்டை ஒட்டியவர்களுக்கும் இதில் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே சிகரெட்டா பட்டையா என்றால் தயக்கமில்லாமல் பட்டைதான்.

அதே முடிவை மடல் நுனிக்கு அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. சிறு வெட்டுக்காயத்துக்கு நாலாபக்கமும் இரத்தம் வரும். மடல் நுனிக்கு ஒரே பக்கம். பட்டை நிகோட்டினைச் சீராகக் கசியவிடும். மின்சிகரெட் ஒவ்வொரு இழுப்பிலும் உச்சத்துக்கு ஏற்றும். அதனால் இவருக்கு நிகோட்டின் எந்த வடிவிலும் வேண்டாம் என்று முடிவானது. புகைப்பழக்கத்தை விட உதவும் மாத்திரையான வரெனிக்ளின் தொடங்கப்பட்டது: முதல் மூன்று நாள் 0.5 மி.கி. ஒரு வேளை, நான்கு முதல் ஏழாம் நாள் வரை 0.5 மி.கி. இரு வேளை, பிறகு 1 மி.கி. இரு வேளை. அதில் நிகோட்டின் இல்லாததால் கோட்டினின் சோதனையையும் குழப்பாது. குமட்டும் என்பதால் உணவுக்குப் பின்.

ஒளி: எந்த அலைநீளம், ஏன்

சிவப்பும் அண்மை அகச்சிவப்பும் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸால் உறிஞ்சப்படுகின்றன. அந்த நொதியில் ஒட்டியிருக்கும் நைட்ரிக் ஆக்சைடை ஒளி கழற்றிவிடுவதால் செல்லின் மூச்சு மீள்கிறது, கழன்ற நைட்ரிக் ஆக்சைடு நாளத்தை விரிக்கிறது என்பது பரவலான விளக்கம். சயனைடு அடைக்கும் அதே கதவுதான். ‘புகைப்பவருக்கு லேசர் பொருத்தமான மருந்து’ என்ற ஆசை இங்கிருந்தே பிறக்கிறது. ஆனால் செல் சவ்வின் அயனி வாய்க்கால்கள் வழியான விளக்கமும் உண்டு. நொதி விளக்கம் முடிந்த முடிவல்ல. ஆக்சிஜனே வந்து சேராத செல்லில் இந்தக் கதவைத் திறந்து வைத்தும் பயனில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

பொதுவாகத் தோல் ஓரங்களுக்கு 660 நேனோமீட்டர், மடலின் தடிமனுக்கு 808 நேனோமீட்டர் என்று இரண்டையும் கலந்து கொடுப்பார்கள். இங்கே 660 தள்ளிவைக்கப்பட்டது. காரணம் அந்த நீலச் சாயம்.

மெத்திலின் புளூவின் உறிஞ்சு உச்சம் ஏறத்தாழ 664 நேனோமீட்டர். 660 லேசரை அதன்மேல் காட்டினால் ஒளி திசுவுக்குப் போகாமல் சாயத்திலேயே நின்றுவிடும். நின்றால்கூடப் பரவாயில்லை, ஆனால் அந்தச் சாயம் ஒளியுணர்த்திப் பொருள். ஒளியை வாங்கி, செல்லைச் சிதைக்கும் ஒற்றை நிலை ஆக்சிஜனை உண்டாக்கும். பாக்டீரியாவைக் கொல்ல இதே சாயத்தையும் இதே 660 ஒளியையும் வேண்டுமென்றே சேர்த்துப் பயன்படுத்தும் சிகிச்சை முறையே இருக்கிறது. குணப்படுத்தப் போன இடத்தில் செல்லைச் சுடும் வேலையைத் தெரியாமல் செய்துவிடக்கூடும். 808-இல் இந்தச் சாயத்தின் உறிஞ்சல் மிகக் குறைவு. அதனால் நீலம் மறையும்வரை 808 மட்டும்.

அறுவை அரங்கில் இதன் இன்னொரு முகத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். மெத்திலின் புளூ இரத்தத்தில் ஏறினால் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் திடீரென்று குறைந்த எண் காட்டும். அந்தக் கருவியின் சிவப்பு விளக்கும் 660 நேனோமீட்டர்தான். ஓரத்தில் ஒட்டிய நீலத்தைச் சிரைத் தேக்கம் என்று தவறாகப் படிப்பதும் நடக்கும். ஈரப் பஞ்சால் துடைத்தும், அழுத்தியும் பார்த்தால் தெரியும். அழுத்தினால் தேக்கம் வெளுக்கும், சாயம் வெளுக்காது.

அளவு: தவறு நடக்கும் இடம்

கருவியின் மேல் 100 மில்லிவாட் என்று எழுதியிருந்தது. முனையில் தொற்றைத் தடுக்கச் சுற்றிய தெளிந்த பிளாஸ்டிக் தாளோடு சேர்த்து மின்திறன் அளவியில் வைத்தபோது 82. டயோடு வயதாகும், முனைக் கண்ணாடியில் அழுக்கு படியும், தாளும் கொஞ்சம் பிடிக்கும். அளக்காமல் கொடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே போயிருக்கும், கோப்பில் மட்டும் முழு அளவு இருந்திருக்கும்.

82 மில்லிவாட்டில் 1 ஜூலுக்கு 12 நொடி, 2 ஜூலுக்கு 24 நொடி. கூர்நுனி மேலே போன பிறகு மடலின் மூன்று ஓரமும் சேர்ந்து 15 செ.மீ.; 1.5 செ.மீ. இடைவெளியில் 10 புள்ளி, புள்ளிக்கு 1 ஜூல். மடலின் முகப்பில் 1.5 செ.மீ. கட்டமாக 10 புள்ளி, புள்ளிக்கு 2 ஜூல். மொத்தம் 30 ஜூல், ஆறு நிமிடம். கட்டம் தவறாமல் இருக்க, கிருமி நீக்கிய தெளிந்த தாளில் புள்ளிகளைக் குறித்து முதல் அமர்வு அன்றே மடலின் மேல் வைத்து அச்சு எடுக்கப்பட்டது.

இதை ‘சதுர செ.மீ.க்கு இத்தனை ஜூல்’ என்று எழுதப் போகும்போதுதான் பலரும் வழுக்குகிறார்கள். முனையின் ஒளி விழும் பரப்பு 0.028 சதுர செ.மீ. என்றால், 1 ஜூலை அதால் வகுத்தால் சதுர செ.மீ.க்கு சுமார் 36 ஜூல். அதே 30 ஜூலை மடலின் 21.7 சதுர செ.மீ. பரப்பால் வகுத்தால் வெறும் 1.4. இரண்டும் கணக்குப்படி சரி. ஓர் ஆய்வில் ‘சதுர செ.மீ.க்கு 4 ஜூல்’ என்று படித்துவிட்டு 100 மில்லிவாட் கருவியை எடுப்பவர், முனைப் பரப்பை வைத்துக் கணக்கிட்டால் ஒரு புள்ளிக்கு 1.1 நொடி கொடுப்பார். 1 சதுர செ.மீ. கட்டத்தை வைத்தால் 40 நொடி. 36 மடங்கு வித்தியாசம். குறைவாகக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது, ஓரளவில் தூண்டும், மிகுந்தால் தடுக்கும் என்ற இருமுக இயல்பு உள்ள ஒரு சிகிச்சையில் இது சின்ன விஷயம் அல்ல. ஆகவே மின்திறன், முனைப் பரப்பு, நொடி, புள்ளி எண்ணிக்கை, ஒரு புள்ளிக்கான ஜூல், எத்தனை நாள் என்று எல்லாவற்றையும் எழுதாத குறிப்பை வைத்து யாரும் எதையும் திரும்பச் செய்ய முடியாது.

முனையைத் தோலோடு அழுத்திப் பிடித்தால் ஒளி ஆழமாகப் போகும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். மூட்டு வலிக்கு அது சரி. தேங்கி நிற்கும் மடலில் அழுத்தினால் இருக்கும் கொஞ்ச ஓட்டமும் அந்த நொடிகளில் நின்றுபோகும். கருநீலப் பகுதியில் 5 மி.மீ. உயரத்தில், செங்குத்தாகப் பிடிக்கப்பட்டது. சாய்த்துப் பிடித்தால் ஒளி தெறித்துப் போகும்.

வெப்பம் பற்றியும் ஒன்று. கருமையான தோலில் மெலனின் ஒளியை மேலேயே பிடித்துச் சூடாக்கும், 660-இல் இன்னும் அதிகமாக. ‘சுட்டால் சொல்லுங்கள்’ என்ற எச்சரிக்கை இங்கே எடுபடாது. புதிதாகத் தூக்கிய மடலுக்கு நரம்பு அறுந்து உணர்வே இருக்காது. கையுறை அணிந்த விரலை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதும், ஒரே இடத்தில் அடுத்தடுத்த புள்ளிகளைக் கொடுக்காமல் எதிர் ஓரத்துக்குத் தாவிப் போவதும்தான் வழி.

ஒவ்வொரு முறையும் முன்னதாகக் களிம்பும் அயோடின் கறையும் உப்புநீரால் துடைத்தெடுக்கப்பட்டன. வெள்ளைக் களிம்பு ஒளியைச் சிதறடிக்கும், துணிக்கட்டு நிறுத்தும். பிட்டங்களை விலக்கும்போது தையல் வரி இழுபடாமல் ஒருவர் இரு கையாலும் ஏந்திப் பிடிக்க வேண்டியிருந்தது. இதை மறந்து, அறுவையின்போது செய்ததுபோல் ஒட்டுப் பட்டையால் இழுத்தால் ஒளி தரும் நன்மையை இழுவை கெடுத்துவிடும். கண்ணைக் கெடுக்கக்கூடிய 3பி வகை லேசர் என்பதால் அறையில் எல்லாருக்கும், குப்புறப் படுத்திருந்த நோயாளிக்கும், 808-க்கு உரிய கண்ணாடி. இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒளிக்கு இமை மூடாது.

போக்கு

35-ஆம் மணி நேரத்தில் முதல் அமர்வு. இரண்டாம் நாள் முதல் எட்டாம் நாள் வரை தினம் ஒருமுறை, ஏழு அமர்வு, 808 மட்டும். மூன்றாம் நாள் காலையில் கருநீலம் 2.2 செ.மீ.யிலிருந்து 1.5 ஆகச் சுருங்கியிருந்தது. நான்காம் நாள் எல்லைக்கோடு தெளிந்தது: நுனியில் 0.8 செ.மீ. கறுத்து உலர்ந்தது, அதற்குக் கீழே கொப்புளம் வந்து மேல்தோல் மட்டும் உரிந்தது. முழுத் தடிமனில் இழந்தது சுமார் 0.4 சதுர செ.மீ.; ஆபத்தில் இருந்ததாகத் தெரிந்தது 2.8.

ஏழாம் நாள் கோட்டினின் நெகட்டிவ். நீலம் அன்றைக்கு மறைந்துவிட்டது. உலர்ந்த கருந்தோல் தொற்றில்லாமல் இருந்ததால் விட்டுவைக்கப்பட்டு, பத்தாம் நாள் கத்தரியால் அகற்றப்பட்டது. கருந்தோலின் மேல் ஒளி காட்டுவது வீண்: உள்ளே போகாது, உள்ளே உயிரும் இல்லை. அகற்றிய பின் தெரிந்த சிவந்த படுக்கைக்கு 10, 12, 14-ஆம் நாள்களில் 660 நேனோமீட்டர், ஒளிவட்டம் காயத்தை மூடும் உயரத்தில் பிடித்து, 2 ஜூல் வீதம். மீதித் தையல்கள் 14-ஆம் நாள் பிரிக்கப்பட்டன.

இதற்கிடையே ஒன்பதாம் நாள் கீழ் முனையில் 1 செ.மீ. பிளவு. அங்கே தோல் வெளுத்து ஊறியிருந்தது. பிளவுக்குள் மூன்று உதிர்ந்த மயிர். மடல் அந்த இடத்தில் நன்றாகச் சிவந்து, சூடாக, அழுத்தி எடுத்தால் நிறம் உடனே திரும்பும்படி இருந்தது. இது இரத்தப் பஞ்சமல்ல. சுற்றிலும் மழித்து, நாளுக்கு இருமுறை கழுவி, உலர் துணி மடித்து வைத்ததில் 36-ஆம் நாள் மூடியது. அந்த இடத்துக்கு ஒளி கொடுக்கவில்லை. நுனிக் காயம் 29-ஆம் நாள் மேல்தோல் கண்டது.

ஒளிக்கு எவ்வளவு பங்கு

முப்பதாம் மணி நேரத்திலிருந்து அடுத்த நாள் காலைக்குள் நடந்தவை: இரத்தக்கட்டி வெளியேறியது, இரண்டு தையலின் இறுக்கம் போனது, உடல் எடை மடலிலிருந்து இறங்கியது, கடைசி இழுப்புக்குப் பின் பன்னிரண்டு மணி நேரம் கடந்து நிகோட்டின் பெரும்பாலும் வெளியேறியது. இவற்றோடு ஒளி. கருநீலம் சுருங்கியதற்கு முதல் நான்கே போதுமான காரணம். கருநீலமாகும் பகுதி எல்லாம் சாவதும் இல்லை. தேக்கம் தானாகத் தெளிவதும் உண்டு. லேசர் முனையின் இளஞ்சூடுகூட நாளத்தை விரிக்கும். ஆக, ஒளி கெடுக்கவில்லை என்று சொல்லலாம். காப்பாற்றியது என்று சொல்ல இந்த ஒரு மடல் சாட்சி போதாது.

எலிகளில் நிலைமை வேறு. முதுகில் 10 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் கொண்ட மடலைத் தூக்கித் திரும்பத் தைக்கும் மாதிரி 1965 முதல் இருக்கிறது. நிகோட்டின் ஊசி போட்ட எலி, போடாத எலி, ஒளி, போலி ஒளி என்று பிரித்து, செத்த பரப்பை அளந்துவிடலாம். அங்கே கிடைத்த நன்மையை இங்கே எதிர்பார்ப்பவர்கள் மூன்றைக் கவனிக்க வேண்டும். எலியின் தோல் மெல்லியது, ஒளி மடலைக் கடந்து படுக்கை வரை போய்விடும்; தசையுறையும் கொழுப்பும் சேர்ந்த பிட்ட மடலில் மேற்பகுதியிலேயே பெரும்பாலும் கரைந்துவிடும். எலிக்கு அறுவை முடிந்த உடனே ஒளி தொடங்குகிறார்கள். இங்கே 35 மணி நேரம் தாமதம். எலிக்குக் கொடுப்பது அளந்த நிகோட்டின். மனிதர் இழுப்பது அளவு தெரியாத ஒன்று.

ஒளிச் சிகிச்சைக்கு உறுதியான சான்று வேறோர் இடத்தில் இருக்கிறது: புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க, குறிப்பிட்ட நோயாளிகளுக்கு அளவு வரையறுத்துப் பன்னாட்டு வழிகாட்டுதலே பரிந்துரைக்கிறது. அறுவை மடலுக்கு அந்தத் தரத்தில் ஒன்றும் இல்லை. மடல் அறுவை புற்றுக்கட்டி அகற்றிய இடத்தில் என்றால் அங்கே இந்த ஒளியைக் காட்டாமல் இருப்பதே முறை.

கடைசியாக, மயிர். இந்தத் துறை தொடங்கியதே மயிரில்தான். 1967-இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர், மழித்த சுண்டெலிகளின் முதுகில் ரூபி லேசரைக் காட்டினார். ஒளி பட்ட இடத்தில் மயிர் விரைவாக வளர்ந்தது. இன்றைக்கும் குறைந்த திறன் சிவப்பு ஒளி மயிர் வளர்க்க விற்கப்படுகிறது. பைலோநைடல் நோயோ மயிர் தோலுக்குள் துளைத்துப் போவதால் வருவது. எனவே மடலுக்கு வெளியே, பிளவின் மயிர் நிறைந்த தோலில் ஒளி சிந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. கீழ்முனைப் பிளவுக்கு ஒளி மறுக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். மயிரை வேரோடு அழிக்கும் உயர்திறன் லேசரையும், குழாயை உள்ளிருந்து சுட்டு மூடும் 1470 நேனோமீட்டர் இழை லேசரையும் இதே நோய்க்குப் பயன்படுத்துகிறார்கள். நோயாளி ‘லேசர் வைத்தார்கள்’ என்று சொன்னால் மூன்றில் எது என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் மாதப் பரிசோதனையில் நுனி வடு 6 மி.மீ. நீளத்துக்குச் சற்றே குழிந்து, மூடியிருந்தது. கசிவில்லை, புதுக் குழியில்லை. கோட்டினின் பட்டையில் கோடு வரவில்லை.